செகண்டு சாரின் கைக்கடிகாரமும் எட்டரைப் படகும்

ஆற்றின் இக்கரையில் படகுத்துறை மேற்பார்வையாளராக இருந்தவரை முகத்துக்கு நேரே ‘சார்’ என்றார்கள், முதுகைத் திருப்பியதும் ‘செகண்டு சார்’ என்றார்கள். வயது ஐம்பத்திரண்டு. இரும்புக் கதவைத் திறப்பது, மூடுவது, விசில் ஊதுவது, படகு புறப்பட்ட நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. இதை ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு தாழ்ப்பாளும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளுமே என்று படகோட்டி ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் முறைப்பு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மேற்பார்வையாளரின் இடது மணிக்கட்டில் உலகப் புகழ் பெற்ற கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. தம்பியோடு வீட்டைப் பாகம் பிரித்தபோது கைக்கு வந்த பங்கு மொத்தமும் அந்த மணிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தது. வாங்கப் போன நாளில் கடையின் விற்பனையாளர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல அதை எடுத்து வெல்வெட் தட்டில் கிடத்தினார். தன் கல்யாணத்தன்றுகூட யாரும் தன்னை இவ்வளவு பதமாகக் கையாளவில்லை என்று இவருக்குத் தோன்றியது.

“பேட்டரி கிடையாது சார். உள்ளே எல்லாம் சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். கை அசைஞ்சாலே தானா சாவி ஏறிக்கும்.”

“மணி சரியா காட்டுமா?” என்று கூட வந்திருந்த மனைவி கேட்டாள்.

விற்பனையாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒரு நாளைக்கு நாலு செகண்டு பிந்தலாம், ஆறு செகண்டு முந்தலாம் மேடம். அதுக்கு மேல போகாதுன்னு சர்டிஃபிகேட்டே இருக்கு.”

“என் வாட்ச்சை வருஷத்துல ரெண்டு தடவை திருத்தினா போதும்,” என்று அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் கடிகாரத்தைக் காட்டினாள்.

“மேடம், இதையெல்லாம் மணி பார்க்கறதுக்காக யாரும் வாங்கறதில்ல.”

அதற்கு அவள் என்ன கேட்டிருப்பாள் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று. கணவர் அதற்குள் கையை நீட்டியிருந்தார்.

நியாயமாகச் சொன்னால் அழகான பொருள்தான். பின்பக்கம் கண்ணாடி. அதற்குள் நூல் இழையைவிட மெல்லிய சுருள்வில் ஒன்று மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். செகண்டு முள் மற்றக் கடிகாரங்களில் இருப்பது போலத் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்துக்கொண்டே நேரம் என்ன என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். அவர் பல நாள் விட்டிருக்கிறார்.

ஆனால் விற்பனையாளர் சொன்னதை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய கடிகாரம் மணியும் சரியாகக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரேடியோவில் ‘பீப்’ ஒலிக்கும்போது கடிகாரத்தைச் சரிபார்த்து, அந்த வாரம் எத்தனை செகண்டு முந்தியது, எத்தனை பிந்தியது என்று ஒரு நோட்டில் எழுதுவார். மகளுக்கு டைஃபாய்டு வந்தபோது காய்ச்சலைக்கூட அவர் இவ்வளவு ஒழுங்காகக் குறித்து வைத்ததில்லை. இந்த மாதிரிக் கடிகாரக்காரர்களுக்கு ஒரு வித்தை உண்டு. கழற்றி வைக்கும் கோணத்தைப் பொறுத்து அது முந்தும், பிந்தும். அவருடையதை மல்லாக்கப் படுக்க வைத்தால் இரண்டு செகண்டு கூடும். பக்கத்திலிருக்கும் திருகு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தால் இரண்டு செகண்டு குறையும். ஆகவே படுக்கப் போகுமுன் அன்றைய கணக்கைப் பார்த்து, படுக்க வைப்பதா நிற்க வைப்பதா என்று முடிவெடுப்பார். மனைவி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

மனைவிக்கு அந்த வருடம் வேறு கவலை. அக்கரையில் இருந்த பெரிய மருத்துவமனையில் பதிவேட்டு எழுத்தர் வேலைக்கு மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதியிருந்தாள். அடுப்படியில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாகப் படித்த படிப்பு. இந்த முறை தேறிவிட்டாள். நேர்முகம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, விட்டால் நாலாவது முறை கிடையாது. எட்டரைப் படகில் போனால்தான் சரியாக இருக்கும். அதற்கடுத்தது பத்தரைக்கு.

அதற்கு முந்தின வாரம் பார்த்துப் பழைய ரேடியோ வாயை மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே புது ரேடியோ வந்துவிட்டது. கனமானது, வயிறு முழுக்க ஸ்பீக்கர். முன்பக்கத்து வலையில் கைக்கடிகாரத்தைச் சாய்த்து வைத்தால் திருகு அச்சாக மேலே பார்த்து நின்றது. இதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஞாயிறு இரவிலிருந்து கடிகாரம் அங்கேதான் தூங்கியது.

திங்கட்கிழமை எட்டரைப் படகு இரண்டு நிமிடம் முன்னதாகப் புறப்பட்டது. செவ்வாய் நாலு நிமிடம். புதன்கிழமை ஏழு நிமிடம். விடுபட்டவர்கள் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு கரடியாகக் கத்தினார்கள்.

“சார், என் போன்ல இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு,” என்று படகோட்டி மெதுவாக ஆரம்பித்தார்.

“உன் போன் என்ன விலை?”

படகோட்டி சொன்னார்.

“இது என்ன விலைன்னு தெரியுமா?”

அத்தோடு விவாதம் முடிந்தது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் பிந்துகிறது என்று அவர் அதன் பேட்டரியை மாற்றினார். அது அப்படியும் திருந்தவில்லை. பயணிகள்தான் திருந்தினார்கள். இரண்டு நாளிலேயே பாதிப் பேர் பத்து நிமிடம் முன்னதாக வரப் பழகிக்கொண்டார்கள். அதைப் பார்த்து, ஊருக்குத் தன்னால் ஒழுக்கம் வந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் பூரித்துப் போனார்.

வியாழக்கிழமை மனைவி இஸ்திரி போட்ட புடவையும் சான்றிதழ்கள் வைத்த கோப்புமாகத் துறைக்கு நடந்து வந்தாள். அவசரப்படவில்லை. அவள் கணக்குப்படி பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. உள்ளே படகு இன்னும் கயிற்றில்தான் கட்டியிருந்தது.

“ஏங்க, கதவைத் திறங்க.”

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். எட்டு இருபத்தொன்பது. “இருபத்தெட்டுக்குக் கதவை மூடணும். சட்டம்.”

“இப்ப மணி எட்டு இருபதுங்க!” என்று அவள் கம்பிக்கு நடுவே பிளாஸ்டிக் கடிகாரத்தை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் எட்டு இருபது.

“சார், அக்காவுக்கு இன்னிக்கு இன்டர்வியூ சார். திறந்து விடுங்க,” என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

அவருக்கும் தெரியும். காலையில் அவளுடைய பேனாவில் மை இருக்கிறதா என்று கிறுக்கிப் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். மனசு ஒரு கணம் ஆடத்தான் செய்தது. ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்காகக் கதவைத் திறந்தார் என்ற பேச்சு வந்தால் இத்தனை வருட நேர்மை என்ன ஆவது? செகண்டு முள் வழுக்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டைத் தொட்டது. அவர் விசிலை ஊதினார். படகோட்டி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

மனைவி, படகு நடு ஆற்றுக்குப் போகும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவள் போனதும் மேற்பார்வையாளர் பதிவேட்டில் ‘8.30’ என்று எழுதிக் கீழே ஒரு கோடும் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் பேச்சை அவரே ஆரம்பித்தார். “ஊருக்கு ஒரு நியாயம், பொண்டாட்டிக்கு ஒரு நியாயம்னு நடந்தா நாளைக்கு என்னை யார் மதிப்பாங்க?”

“இன்னிக்கு யார் மதிக்கிறாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைவீதியில் இருந்த கடிகார ரிப்பேர்க்காரரிடம் போனார். கடிகாரத்தைச் சரிசெய்யப் போனார் என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. ‘இக்கடிகாரம் சரியாக ஓடுகிறது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அதை மனைவி முன்னால் வைக்கப் போனார்.

ரிப்பேர்க்காரர் கடிகாரத்தைத் திறக்கக்கூட இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து திசை காட்டும் கருவி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் முள் வடக்கை மறந்து கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பியது.

“காந்தம் ஏறியிருக்கு சார். உள்ளே சுருள்வில் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வேகமா அடிக்குது. எங்க வெப்பீங்க இதை?”

“ரேடியோவுல. ஸ்பீக்கர்ல சாய்ச்சு.”

“ஸ்பீக்கர்லயா?” ரிப்பேர்க்காரர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். “ஸ்பீக்கர்னாலே பின்னாடி பெரிய காந்தம்தானே சார். எதுக்கு அங்க வெச்சீங்க?”

“நேரம் துல்லியமா இருக்கட்டும்னு,” என்றார் மேற்பார்வையாளர். சொல்லும்போதே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சின்னப் பெட்டி ஒன்றின் மேல் வைத்து, பொத்தானை அமுக்கி, மெல்லத் தூக்கி எடுத்தார் ரிப்பேர்க்காரர். பத்து விநாடி. காந்தம் இறங்கிவிட்டது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அது இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி மருத்துவமனை அலுவலகத்தோடு பேசி முடித்திருந்தாள். படகு நேரத்துக்கு முன்பே போய்விட்டது என்று துறையிலிருந்து எழுத்தில் கொடுத்தால், அடுத்த புதன்கிழமை அதே பத்து மணிக்கு வரச் சொல்வார்களாம். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

“நீங்கதான் எழுதணும்,” என்றாள். காகிதத்தையும், அவர் மை பார்த்துக் கொடுத்த அதே பேனாவையும் எடுத்து வைத்தாள்.

அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். சுருள்வில்லின் தன்மை, காந்தப் புலத்தின் தீமை, இத்தகைய உயர்ரகக் கடிகாரங்களின் பெருமை எல்லாம் அதில் இருந்தன. படகு எத்தனை மணிக்குப் போனது என்பது மட்டும் இல்லை. அவள் படித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள். இரண்டாவது காகிதத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ‘வியாழக்கிழமை எட்டரைப் படகு ஒன்பது நிமிடம் முன்னதாக, எட்டு இருபத்தொன்றுக்கு அனுப்பப்பட்டது. தவறு என்னுடையது.’ கையெழுத்துப் போட அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஆனாலும் போட்டார். அதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கடிதத்தின் நகல் படகுத் தலைமை அலுவலகத்துக்கும் போயிற்று. ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. கூடவே, கதவுக்கு மேலே மாட்டச் சொல்லி, சிவப்பு எண்கள் எரியும் மின்னணுக் கடிகாரம் ஒன்றும் வந்தது. பயணிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். புதன்கிழமையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமைகளில் விடிந்ததும் கிளம்பி, தலைமை அலுவலகம் போய் வாராந்தரத் தாள்களை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் துறைக்கு வருவது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்தார். கைக்கடிகாரமும் சிவப்பு எண்களும் போனும் ஒரே மணியைக் காட்டின. எட்டு மணியிலிருந்து பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு பதினைந்துக்கு அவள் வரவில்லை. இருபத்தைந்துக்கும் வரவில்லை. இருபத்தெட்டு ஆயிற்று. அவர் கதவை மூடவில்லை.

எட்டரைக்கு விசில் ஊதவில்லை. எட்டு முப்பத்திரண்டுக்குப் படகில் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். கதவை ஒரு கையால் அகலத் திறந்து பிடித்தபடி, அவர் பாதையில் இரண்டடி முன்னால் போய் எட்டிப் பார்த்தார். பத்துப் பேர் இல்லை, ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, வரும் வழியில் விழுந்துவிட்டாளோ என்று என்னென்னவோ தோன்றியது.

“சார், மணி எட்டு முப்பத்தஞ்சு ஆச்சு,” என்று படகோட்டி கூப்பிட்டார். “யாருக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

“வீட்ல இன்னும் வரல. இன்னிக்கு அவங்களுக்கு இன்டர்வியூ. அஞ்சு நிமிஷம் பொறுங்கப்பா.”

டிக்கெட் ஜன்னலில் அந்தப் பெண் சில்லறையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது.

“சார், அக்கா ஆறரைப் படகுலயே போயிட்டாங்க. நீங்க டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி இருக்கிற படகு எதுன்னு நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாங்க.”