காகிதம் என்று சொல்லி வாங்கிய பெட்டி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த காசுகள் எல்லாம் பளபளவென்று மின்னின. பெட்டிக்கு முன்னாலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

காசு மின்னினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறீர்களா? பழங்காசு சேர்க்கிறவனிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். பழங்காசுக்கு அதன் கறுப்பும் மங்கலும்தான் மதிப்பு. தேய்த்துவிட்டால் வெறும் தகரத்துண்டு. என் காசுகளை யாரோ தேய்த்திருந்தார்கள். தேய்த்தது மட்டுமா? ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

நான் காசு சேர்ப்பவன் என்பதே உங்களுக்கு இன்றுதான் தெரியும். என் பல்வலி முதல் மாமனாரோடு போட்ட சண்டை வரை வாராவாரம் இந்தப் பத்திரிகையில் ஒப்பித்திருக்கிறேன். காசைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. எல்லாம் பயம்தான்...

ஜப்பான்காரன் வருவதற்குச் சற்று முன்னால் தொடங்கிய பழக்கம் இது. பதினேழு வருடம் ஆகிறது. டச்சுக்காரன் காலத்துச் செப்புக் காசு, கும்பெனிக் காசு, சேவல் படம் போட்ட காசு... இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வெள்ளீயக் காசு. மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் சிப்பி பொறுக்கும் ஒருவரிடம் வாங்கியது. சுல்தான்கள் ஆண்ட காலத்துக் காசு என்றார் அவர். நகத்தளவுதான். கன்னங்கரேலென்று இருக்கும். ஆனால் அதில் எழுத்து இருந்தது. மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் வளைந்து நெளிந்த ஜாவி எழுத்து, ஒரு புள்ளி கூடக் குறையாமல். அந்தச் சேற்றில் கிடைக்கும் ஈயக் காசுகளில் பெரும்பாலும் எழுத்து அழிந்துபோயிருக்கும். என்னுடையதில் அழியவில்லை. நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு காசுக்காகத்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மரவள்ளிப் பாத்திக்கு அடியில் புதைத்து வைத்தேன். வீட்டில் கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் என் உயிரும் கூடவே மேலே வரும். அப்புறம் டின் கட்டிலுக்கு அடியில் வந்தது. அது என்ன என்று என் மனைவி சரோஜா ஒருமுறை கேட்டாள். ஆபீஸ் சாமான் என்று சொல்லிவிட்டேன்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ஊரே கொடி கட்டிக் கொண்டாடியது. எனக்கோ வேறு கவலை. ராணி தலை போட்ட காசு செல்லாது என்று ஒரு பேச்சு. பழங்காசுக்கு இனிமேல்தான் கிராக்கி என்று இன்னொரு பேச்சு. சைக்கிளில் ஒரு ஆள் எங்கள் காஜா பேராங் பக்கம் வீடு வீடாக வந்து, பழைய காசு இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். எல்லா வீட்டிலும்தான் கேட்டார். ஆனால் என் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். ஏன் நின்றார்?

"சைக்கிள் சங்கிலி கழண்டுபோச்சுங்க" என்றாள் சரோஜா. அவளுக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது.

இரும்புப் பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். எந்தப் பெட்டி? சின்னதாக வாங்கினால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போய்விடுவான். இரும்பு அலமாரியை ஒரு திருப்புளி இருந்தால் திறந்துவிடலாம். பேங்கில் வைக்கலாம்தான். ஆனால் பேங்கு குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடுமே... நாலு பேர் தூக்கினாலும் அசையாத பெட்டிதான் சரி என்று, பழைய பெட்டிகள் விற்கும் ஒரு சீனர் கடைக்குப் போனேன்.

கடை முதலாளி, அந்தத் தவுக்கே, மலாயில் ஒரு கேள்விதான் கேட்டார். "சிம்பான் கெர்தாஸ்கா, ஏமாஸ்கா?" வைக்கப்போவது காகிதமா, தங்கமா?

நியாயமான கேள்வி. எந்தப் பெட்டி என்பது எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் நான் கடையில் நின்ற மற்ற இரண்டு பேரைப் பார்த்தேன். காசு என்று எப்படிச் சொல்வேன்?

"கெர்தாஸ்" என்றேன். "வீட்டுப் பத்திரம்..."

தவுக்கே ஒரு தடித்த பெட்டியைத் தட்டிக் காட்டினார். வீடே எரிந்தாலும் உள்ளே இருக்கும் காகிதம் கருகாதாம். திருடன் பயமும் இல்லை, தீப் பயமும் இல்லை. இதைவிட என்ன வேண்டும்? வாங்கிவிட்டேன்.

பெட்டி கோணிச்சாக்குப் போர்த்திக்கொண்டு மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. கம்போங் செட்டியிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அம்மாள் எட்டிப் பார்த்தார். செட்டி வம்சம்தான் என்றாலும் அவருக்குத் தமிழ் வராது; எங்களுக்குள் மலாயில்தான் பேச்சு. ஐஸ் பெட்டி என்று சொல்லி வைத்தேன். மறுநாளே ஒரு கிண்ணத்தோடு வந்து ஐஸ் கேட்டார். ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பொய்க்கு எத்தனை பொய் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அடுத்த கவலை, சாவி. ஒன்றை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். இன்னொன்றை எங்கே வைப்பது? நிறைய யோசித்து, பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். சாமி படத்தை எவன் தொடுவான்?

எவனும் தொடமாட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் படத்தைக் கழற்றித் துடைத்துப் பொட்டு வைக்கிறவள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாளே... அது என் புத்திக்கு எட்டவில்லை.

மின்னிய காசுகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே "சரோஜா" என்று கூப்பிட்டேன்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கோபமாகப் பேசத்தான் நினைத்தேன். அவள் முகத்தில் ஒரு பெருமை.

"பாத்துட்டீங்களா? எல்லாம் பச்சை பூத்துப்போய்க் கெடந்துச்சுங்க. நீங்க பாத்தா தூக்கமே போயிடும்னுதான் சொல்லல. குத்துவிளக்குத் தேய்க்கறப்ப இதையும் புளி போட்டுத் தேய்ச்சிட்டேன். அந்தச் சின்னக் கறுப்புக் காசுதான் ரொம்பப் படுத்திருச்சு. செங்கப்பொடி போட்டு அழுத்தித் தேய்ச்ச பெறகுதான் வழிக்கு வந்துச்சு."

வெள்ளீயம் மெத்தென்ற உலோகம். குங்குமத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. நான் அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாதக்கணக்கில் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதற்குள் காசு ஏன் பச்சை பூத்தது? மறுநாள் காலை தவுக்கேயிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாக விளக்கினார். தீ தாங்கும் பெட்டியின் சுவருக்குள்ளே ஒரு மாவு அடைத்திருப்பார்களாம். அதில் ஈரம் இருக்குமாம். தீ பிடித்தால் அந்த ஈரம்தான் காகிதத்தைக் காப்பாற்றும். மற்ற நாளில் அது மெல்ல உள்ளே கசியும். காகிதம் பொறுத்துக்கொள்ளும், செம்பு பொறுக்காது. காசு என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் இருந்த வேறு பெட்டியைக் கொடுத்திருப்பாராம்.

"அவாக் காத்தா கெர்தாஸ்" என்றார் கடைசியாக. நீதானே காகிதம் என்று சொன்னாய்?

வீட்டுக்கு வந்து சரோஜாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் டின், மரவள்ளிப் பாத்தி, ஐஸ் பெட்டி, சாவி, புளி... எதையும் விடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டேங்க" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. "தப்பு உன்னுடையது இல்லை" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பிறகு அந்தச் சின்னக் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னங்க எழுதியிருந்துச்சு?"

எனக்கு ஜாவி படிக்க வராது. எங்கள் தெருவில் தினமும் ஜாவி பத்திரிகை வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர். யாரிடம் நீட்டியிருந்தாலும் அரை நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பார்கள். ஒருவரிடமும் நான் நீட்டவில்லை.

"தெரியாது" என்றேன்.

யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பதினேழு வருடம் பொத்திப் பொத்தி வைத்தேன். யாருமே பார்க்கவில்லை.