டொக்டருக்கு எழுபது, கதிருக்கு முப்பது

போன மாதம் பெண் பார்க்கப் போயிருந்தேன். எனக்கல்ல... பதற வேண்டாம். என் மனைவியின் தங்கை கலாவின் மகன் கதிருக்கு.

என்னை ஏன் கூட்டிப் போனார்கள்? கலாவின் கணவர் சிவம் அதிகம் பேசமாட்டார். வீட்டில் தீப்பிடித்தாலும் ஒருமுறை செருமிவிட்டுத்தான் சொல்வார். போகிற இடத்தில் நாலு வார்த்தை பேச ஓர் ஆள் வேண்டுமே. பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பேசவும் வரும் என்று நம் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. என் மனைவி அந்த நம்பிக்கையை இழந்து பல வருடங்கள் ஆகின்றன. நல்லவேளை, அவளுக்கு அன்று ஷிப்ட்.

பெண் வீடு தோர்ண்டன் ஹீத்தில். நாங்கள் பிளேஸ்டோவிலிருந்து புறப்பட்டோம். லண்டனில் ஆற்றின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் காரில் போவதென்றால்... தெரியும்தானே? ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கப் பாதையின் வாசலில் கார் அசையாமல் நின்றது. கிடைத்த நேரத்தில் கலா முன் சீட்டிலிருந்து திரும்பி மகனுக்குப் பாடம் எடுத்தாள்.

“என்ன வேலை எண்டு கேட்டால் ஃபினான்ஸ் எண்டு சொல்லு. அதுக்கு மேல ஒண்டும் கதைக்காத.”

“நான் ஃபினான்ஸ் இல்லையே அம்மா.”

“காசு சம்பந்தப்பட்டது தானே? அப்ப ஃபினான்ஸ் தான். என்ன அத்தான்?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கதிர் கணிதத்தில் பட்டம் பெற்றவன். விளையாட்டுப் பந்தயக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறான். யார் வெல்ல எவ்வளவு வாய்ப்பு, அதற்கு என்ன விலை வைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதுதான் அவனுடைய வேலை. அதிலும் அவன் இருப்பது ‘ஹெட் டு ஹெட்’ என்ற பிரிவில். அது என்ன என்று அன்றுவரை நான் கேட்டதில்லை. கோயிலில், கலியாண வீட்டில், கடை வாசலில் எங்கே யார் விசாரித்தாலும் கலா சொல்வது ஃபினான்ஸ்தான்.

பெண்ணின் அப்பா மகேந்திரன், ஒரு கோயிலின் நிர்வாக சபையில் இருப்பவர். திருநீறு, நிமிர்ந்த முதுகு, குறைந்த பேச்சு. அவர் மனைவி ராணி எல்லாவற்றுக்கும் சிரிக்கிற நல்ல மனுஷி. மகள் மிதுலா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தேநீர்த் தட்டோடு குனிந்த தலையாக வரும் சடங்கெல்லாம் அங்கே இல்லை. வேலை முடித்து வந்த களைப்பில், எங்களுக்கு முன்னாலேயே சோஃபாவில் சாய்ந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. கதிரைப் பார்த்தேன். அவனுக்கு என்னைவிட அதிகமாகப் பிடித்திருந்தது தெரிந்தது.

மழையைப் பற்றிப் பேசினோம். பார்க்கிங் பற்றிப் பேசினோம். பிறகு மகேந்திரன் கதிரின் பக்கம் திரும்பினார்.

“தம்பி ஃபினான்ஸ் எண்டு சொன்னவை. பாங்கிலயோ?”

கலா வாயைத் திறப்பதற்குள் கதிர் முந்திவிட்டான்.

“இல்லை அங்கிள். ஸ்போர்ட்ஸ் பெட்டிங் கம்பனி. பந்தயத்துக்கு விலை போடுறது என்ர வேலை.”

சிவம் செருமினார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

“என்ர தம்பி அதில தான் அழிஞ்சவன்” என்றார் மகேந்திரன். குரலை உயர்த்தவே இல்லை. “முதல்ல கடை போனது. பிறகு மனுசியும் பிள்ளையளும் விட்டிட்டுப் போச்சினம். ஹை ஸ்ட்ரீட்டில அந்தப் பந்தயக் கடையளைக் கண்டால் நான் இப்பவும் மற்றப் பக்கத்தால தான் நடந்து போறனான்.”

இதற்கு என்ன சொல்வது? நாலு வார்த்தை பேசக் கூட்டி வந்த ஆள் நான். ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பேசச் சொல்ல மாட்டார்கள் என்கிற தைரியம்.

கதிர்தான் பேசினான். “நீங்கள் சொல்லுறது சரி அங்கிள். நான் ஒருநாளும் பந்தயம் பிடிச்சதில்லை. விலை எப்பிடிப் போடுறது எண்டு தெரிஞ்சவை ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்.”

“ஏன்?” என்று கேட்டாள் மிதுலா. நாங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு அவள் கதிரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவ்வளவுதான். பையனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தட்டை நகர்த்திவிட்டு இரண்டு பிஸ்கட்டை மேசையில் வைத்தான்.

“ஒரு சைக்கிள் ரேஸ். நூறு பேர் ஓடினம் எண்டு வையுங்கோ. ஆர் முதலாவதா வருவினம் எண்டு சொல்லுறது சரியான கஷ்டம். அதால நாங்கள் ரெண்டே ரெண்டு பேரை எடுப்பம். இந்த ரெண்டு பேருக்க ஆர் முன்னுக்கு வருவார்? அதுதான் ஹெட் டு ஹெட். இவர் எண்பதாவதா வந்தாலும், மற்றவர் எண்பத்தொண்டாவதா வந்தால் காணும். இவர்ல காசு கட்டினவருக்கு வெற்றி.”

“அப்ப முதலாவதா வந்த பிள்ளை?” ராணி உண்மையான கவலையோடு கேட்டார்.

“அவரை ஒருத்தரும் பாக்க மாட்டினம் அன்ரி.”

பிறகு கம்பனி எப்படிச் சம்பாதிக்கிறது என்று சொன்னான். “ரெண்டு பேரும் சமன் எண்டால், ஒரு பவுண் கட்டி வெண்டவருக்கு இன்னொரு பவுண் குடுக்கிறது தான் நியாயம். நாங்கள் தொண்ணூறு பென்ஸ் தான் குடுப்பம். எந்தப் பக்கம் வெண்டாலும் அப்பிடித்தான். ஒருநாள் விளையாடினால் வெல்லலாம். ஒவ்வொரு நாளும் விளையாடினால் அந்தப் பத்துப் பென்ஸ் ஆளைத் திண்டுடும்.”

“அப்ப நீங்கள் கலியாணத் தரகர் மாதிரி” என்றார் ராணி. “ஆர் ஆரைக் கட்டினாலும் உங்களுக்குக் காசு.”

மகேந்திரன் சிரிக்கவில்லை. ஆனால் பிஸ்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு ஏதோ யோசித்தார். தம்பியை நினைத்திருப்பார். அந்தப் பத்துப் பென்ஸ் கணக்கை இதற்கு முன் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மிதுலா விடவில்லை.

“ரெண்டு பேரில ஒருத்தர் ஓட வராட்டி?”

“பந்தயம் செல்லாது. காசைத் திருப்பிக் குடுத்திடுவம்.”

“வந்தவர் வெண்டதா இல்லையோ?”

“இல்லை. ரெண்டு பேரும் ஓடினால் தான் கணக்கு.”

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். “அப்ப அந்த டொரொன்டோ டொக்டர் வந்திட்டுப் போற வரைக்கும் நான் இவருக்குப் பதில் சொல்ல ஏலாது, என்னம்மா?”

வடைத் தட்டோடு எழுந்த ராணி அப்படியே நின்றார். சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“எந்த டொக்டர்?” என்றாள் கலா.

பார்த்தீர்களா? ஒரு வீடு வேலையை மறைத்தது. மற்ற வீடு இன்னொரு மாப்பிள்ளையை மறைத்தது. இதில் யார் யாரைக் கோபிப்பது? கலா கோபித்தாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது எழும்பப் போகிறாள் என்பதற்கான முதல் சிக்னல்.

மிதுலா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் கதிரைக் கேட்டாள். “நீங்கள் விலை போடுறவர் தானே. உங்களுக்கும் டொக்டருக்கும் என்ன விலை போடுவீங்கள்?”

வேறு எவனாக இருந்தாலும் ஒரு பகிடி விட்டுச் சமாளித்திருப்பான். இந்தப் பிள்ளை அதை வேலையாகவே எடுத்துக்கொண்டது. ஆளைப் பற்றிய விவரம் இல்லாமல் விலை போட முடியாது என்றான். ராணியை விசாரிக்க ஆரம்பித்தான். என்ன டொக்டர்? இருதயம். உயரம்? நல்ல உயரம். சொந்த வீடோ? ஓம், பெரிய வீடு. சாதகம்? நல்ல பொருத்தம். ஒவ்வொரு பதிலுக்கும் கதிர் தலையாட்டினான். ராணி முதலில் சங்கடத்தோடுதான் தொடங்கினார். போகப் போகப் பெருமை வந்துவிட்டது. கலா பக்கத்திலிருந்து மகனின் தொடையில் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

“டொக்டருக்கு எழுபது வீதம்” என்றான் கடைசியில். “எனக்கு முப்பது.”

“முப்பது இருக்குமோ?” என்றார் மகேந்திரன்.

“கொஞ்சம் கூட்டித்தான் போட்டனான் அங்கிள். அம்மா பக்கத்தில இருக்கிறா.”

அப்போதுதான் மனிதர் சிரித்தார். திருநீறு சுருங்கச் சிரித்தார். நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்து, காலணி போட்டுக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டார். “உங்கட பெறாமகனுக்குப் பொய் சொல்லவே வராதோ?”

“சின்ன வயசில இருந்தே வராது. கலா பழக்கித்தான் பாத்தவ” என்றேன். நான் அன்று பேசிய உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் கலா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள். சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகு சிவம் செருமினார்.

“பொடியன் சரியாத்தான் விலை போட்டவன்.”

அதற்காக அவர் அன்றிரவு வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேள்விப்பட்டேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தர்ப்பம் நன்றாக இருந்ததால், அந்தக் காலத்தில் என் விலை என்னவாக இருந்தது என்று கேட்டு வைத்தேன். “மற்ற ஆள் ஓட வரேல்லை” என்றாள். எந்த மற்ற ஆள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக எனக்கு இதே யோசனை. இந்த ஹெட் டு ஹெட்டை யாரோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாக ஏன் சொல்ல வேண்டும்? நாம் எவ்வளவு காலமாக ஆடுகிற ஆட்டம்! நம் பிள்ளை உலகத்தில் முதலாவதாக வர வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டோமா? இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட அரை மார்க் கூட எடுத்தால் போதும். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கிற கிராமர் ஸ்கூலின் பரீட்சையில் இரண்டு பிள்ளைகளும் கோட்டைவிட்டால்கூட, “அவவின்ர மகன் இதைவிடக் குறைவு” என்று நிம்மதியாகத் தூங்குகிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். எண்பதாவதாக வந்தாலும் எண்பத்தொன்று அவர்களாக இருக்க வேண்டும்... அவ்வளவுதான் நம் பிரார்த்தனை.

நான் மட்டும் என்ன யோக்கியமா? இதே பத்திரிகையில் எதிர்ப்பக்கத்தில் சமையல் குறிப்பு எழுதும் அம்மையாருக்கு எத்தனை வாசகர் கடிதம் வந்தது என்று ஆசிரியரிடம் நைசாகக் கேட்டுப் பார்க்கிறவன்தான் நான். போன தடவை அவருடைய நண்டுக்கறிக்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையை ஆசிரியர் சொன்னார். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. கண் எப்போதும் பக்கத்து ஆளின் மேலேயே இருக்கும். நாம் எங்கே ஓடுகிறோம் என்று பார்க்க நேரமிருக்காது.

டொக்டர் வந்தார். சொன்ன தேதிக்கே வந்தார். செய்தி கேட்ட அன்று கலா ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். கதிர் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தான். ஒருநாள் என்னிடம், “பெரியப்பா, விலை சரிதான். ஆனா நான் அதைச் சொல்லாம விட்டிருக்கலாம்” என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. மிதுலாவை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. பாதிச் சாப்பாட்டில் ஃபோன் அடித்தது. மிதுலாவின் பெயர். கையெல்லாம் குழம்பு. முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினான். நானும் மனைவியும் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நீங்கள் என்றால் போயிருப்பீர்களா?

“டொக்டர் வந்திட்டுப் போயிட்டார்” என்றது அவள் குரல்.

“ம்.”

“நல்ல மனுசன். அம்மா சொன்னதெல்லாம் உண்மை. வடிவாக் கதைக்கிறார்.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“உங்களைப் பற்றிச் சொன்னனான். ரெண்டு பேரில ஆருக்கு என்ன சான்ஸ் எண்டு அவரையும் கேட்டனான்.”

“என்ன சொன்னவர்?”

“சிரிச்சவர். நூறு வீதம் தனக்குத்தானாம். இதில போட்டியே இல்லையாம்.”

“அது... கொஞ்சம் கூடத்தான். ஆனா அவர் தானே ஃபேவரிட், வாய்ப்புக் கூடின ஆள்” என்றான் கதிர். தொழில் புத்தி! எனக்கு அவன் தலையில் ஒரு குட்டுக் குட்ட வேண்டும் போலிருந்தது.

“கதிர், நூறு வீதம் தான் சரி எண்டு இருக்கிற ஆளோட நான் என்னத்தைக் கதைக்கிறது? காலம் முழுக்க அவர் வெண்டுகொண்டே இருப்பார். நான் கேட்டுக்கொண்டு இருக்கோணும். முப்பது எண்டு சொன்ன ஆளோட எண்டால் சண்டையும் பிடிக்கலாம், சேந்தும் இருக்கலாம்.”

கதிர் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை.

“அப்ப... ஓம் எண்டோ சொல்லுறீங்கள்?”

“ஓம்.”

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து வெகுகாலம். கதிருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையால் துடைக்கவும் முடியாது, மிளகாய்த்தூள்.

“உங்கட அப்பா? என்ர வேலை...”

“அப்பாவுக்கு அது இன்னும் நோகுது. அவரோட நீங்கள் தான் இருந்து கதைக்கோணும். அவர் மாட்டன் எண்டும் சொல்லலாம்.” உடனே சேர்த்துச் சொன்னாள். “அதுக்கு விலை போட்டுக்கொண்டு இருக்காதேங்கோ. சும்மா வாங்கோ.”

கதிர் எழுந்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்... கைகூடக் கழுவவில்லை.