அப்பா நெஞ்சில் தூங்கிய பிள்ளை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. ஏழாம் மாதம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. மகன் ஒரு கிலோவைத் தொட்டும் தொடாமலும் பிறந்தான். அவளுக்கு வயிற்றில் கிருமி தொற்றி, உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை கீழ்த்தளத்தில், அவள் மேல்மாடியில், உடம்பெல்லாம் குழாய்களோடு.

குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து வைத்தால் உடம்புச் சூடு நிற்கும், எடை ஏறும். தாய் படுத்த படுக்கையாகிவிட்டால் தகப்பனின் நெஞ்சு அந்த வேலையைச் செய்யுமா? இதைத்தான் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனிடம் வந்து, பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"நெஞ்செல்லாம் முடியா இருக்கே டாக்டர், பிள்ளை பயந்துக்க மாட்டானா?"

"அவனுக்கு இன்னும் கண்ணே சரியாத் தெரியாதுங்க. சும்மா உக்காருங்க."

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். ஓர் இடத்தில் கால் தரிக்காத ஆள், பிள்ளை நெஞ்சில் படுத்ததும் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டான்.

மாலையில் மாடிக்கு வந்து போனில் படம் காட்டுவான். அவள் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கிட்ட வாங்க" என்பாள். சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, அவன் நெஞ்சில் முகம் பதித்து மூச்சை இழுப்பாள்.

"வெறும் வேர்வை நாத்தம்டி."

"உங்க நாத்தம் எனக்குத் தெரியாதா? இது அவன்."

பக்கத்துக் கட்டில் அம்மாள் நாகரிகமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒருநாள், "என் விரலைப் பிடிச்சவன் விடவே மாட்டேன்னுட்டான்" என்று பூரித்துப் போய்ச் சொன்னான். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அவன் வாயையே திறக்கவில்லை.

"இன்னிக்கு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. தூங்கினான்."

"பொய் சொல்லாதீங்க. வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்காம இருக்க முடியல. சொல்லுங்க."

ஒருவழியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது, நர்ஸ் பிள்ளையை அவள் மார்பில் கிடத்தினாள். அவன் முகத்தைச் சுளித்தான், எதையோ தேடினான், பிறகு வீறிட்டான். தகப்பனிடம் மாற்றியதும் கப்சிப்.

"புதுசுல்ல, பழகிடுவான்" என்றான் கணவன், தப்புச் செய்தவன் போல.

"ஆமா, நானும் புதுசுதானே" என்று அவளும் சிரித்தாள். மாடிக்குத் திரும்பும் வரைதான் அந்தச் சிரிப்பு தாங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா நெஞ்சில்தான் தூக்கம். கணவன் வேலைக்குத் திரும்பியதும், அவன் கழற்றிப் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளையைத் தூங்க வைத்தாள். கிரீஸ் கறையோடு தொளதொளவென்று தொங்கும் அதே சட்டையோடு கதவைத் திறந்தவளைப் பார்த்து நாத்தனார், "என்ன அண்ணி, நீங்களும் லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று கேலி செய்தாள். அப்புறம் ஒரு மத்தியானம், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அழுகை கேட்டு ஓடி வந்து, ஈரக்கையோடு தூக்கித் தோளில் போட்டாள். அவன் தூங்கிப்போனான். கணவனின் சட்டையைப் போட மறந்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை மரத்துப்போகும்வரை அப்படியே நின்றாள்.

பிள்ளைக்கு இரண்டு வயதானபோது பரிசோதனைக்கு டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். தகப்பன் நெஞ்சும் நன்றாகவே சூடு தந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னவர், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

"பிறந்த புதுசுல, நான் மாடியில கிடந்தப்ப, எப்படி அழுவான் டாக்டர்?"

டாக்டரம்மா யோசித்தார். எத்தனையோ பிள்ளைகள். "நிஜமா ஞாபகம் இல்லைம்மா" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் கணவனிடம் அதையே கேட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கதவிடுக்கில் மாட்டிய பூனைக்குட்டி போல மெலிதாக, விட்டு விட்டுக் கத்திக் காட்டினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடுப்பில் இருந்த மகன் கைதட்டிச் சிரித்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.