சலவை அறைக் காக்கா

நான் பயணிகள் கப்பலில் மேசைப் பணியாளனாக இருந்தபோது, கீழ்த்தளத்துச் சலவை அறையில் கல்முனைக்காரர் ஒருவர் வேலை செய்தார். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்பேன். நீராவி பட்டு இரு கைகளும் வெந்து கறுத்திருக்கும். துறைமுகம் வந்தால் நாங்கள் ஊர் சுற்றப் போவோம். அவர் இறங்கிய இடத்திலேயே நின்று ஊரிலிருந்த தாயுடன் போனில் கதைப்பார். "அடுத்த மாசம் வாறன் உம்மா" என்றுதான் எப்போதும் முடிப்பார்.

போன் எடுபடாத நீண்ட ஓட்டமொன்றின் பின் கரை சேர்ந்த அன்று, வீட்டில் அவருடைய தம்பிதான் போனை எடுத்தார். உம்மா மௌத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது.

"ஊருக்குப் போங்க காக்கா" என்றேன்.

"இனி ஆரிட்டப் போற தம்பி? எத்தின வெள்ளைத் துணி மடிச்சிருப்பன். உம்மாவப் பொதிஞ்ச கபன் துணிய ஒருக்காத் தொடக் கிடைக்கல்லயே."

கப்பல் மறுபடி புறப்பட்டது. அன்று மாலை அவர் அயன் பண்ணி அனுப்பிய விரிப்புகளை விருந்து மேசைகளில் விரித்தேன். ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை. எப்படி முடிந்தது அவருக்கு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.