எச்சில் படாத சமையல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு முறை நாலு வரி எழுதிக் கிழித்தும் போட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துப் பிழைக்குக்கூட அவ்வளவு பயமில்லை, சாமி குத்தம் ஆகிவிடுமோ என்றுதான் பயம்.

எங்கள் வீட்டில் சமைத்ததை விளக்கு முன்னால் வைத்துப் படைத்த பிறகுதான் சாப்பிடுவோம். அதற்கு முன்னால் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்க மாட்டேன். படைத்த பிறகு அதில் உப்போ தண்ணீரோ சேர்க்கவும் மாட்டேன். கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். உப்பைக் கை சொல்லும், கொதியை மூக்கு சொல்லும். சாம்பாரோ வத்தக்குழம்போ ஒரு நாளும் பிசகியதில்லை. வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு எங்கள் பிளாக்கில் கூடும் பெண்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

டச் போன் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த சமயம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினோம். முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ ஏற வேண்டும். ஏறினால்தான் அடுத்த சுற்றை உடம்பு தாங்கும், தள்ளிப்போட்டால் நோய் முந்திக்கொள்ளும். அவள் எதைக் கேட்டாலும் சுடச்சுடச் சமைத்துக் கொடுங்கள் என்றார்.

ஆனால் அவளுக்குச் சோற்று வாசனையே ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து இறங்கும்போதெல்லாம் நான் ரசஞ்சோறு ஊட்டியிருந்தேன். இப்போது ரசம் கொதித்தாலே அந்த மருந்து நினைவு வந்து வாந்தி எடுத்தாள். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். வாயெல்லாம் புண் வேறு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போனில் வெளிநாட்டுச் சமையலாகப் பார்த்து, பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இத்தாலி, ரஷ்யா, ஆப்பிரிக்கா என்று பக்கத்துக்கு ஒரு நாடு.

"இதெல்லாம் எப்படி வாசன வரும்னே எனக்குத் தெரியாதும்மா. அதனாலதான் சாப்புட முடியும்னு தோணுது" என்றாள்.

முதலில் இத்தாலி. பஜாரில் தேடிப் பாஸ்தா வாங்கி வந்தேன். வேகவைத்த தண்ணீரில் உப்புப் போட்டேன், தக்காளி மசாலாவில் போட்டேன், மேலே சீஸைத் துருவினேன். சீஸிலேயே உப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை அது எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. படைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, தட்டை நீட்டினேன். ஆசையாக ஒரு வாய் வைத்தாள். புண்ணில் உப்புப் பட்டுத் துடித்துப்போனாள். அன்றும் மறுநாளும் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. மருந்துக்கடை எடை மிஷினில் ஏற்றினால் முக்கால் கிலோ குறைந்திருந்தது.

மைன்ஸில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர், சாமிக்கு நாலு கல்கண்டு வைத்துக் கும்பிட்டால் போதாதா, புள்ளைக்கு ருசி பார்த்துக் கொடு என்றார். நான் கேட்கவில்லை. பிள்ளை உயிர் ஊசலாடும் நேரத்தில் படையலைக் குறைத்தால் அம்மன் என்ன நினைப்பாள் என்று நடுங்கினேன். முன்னைவிடக் கெட்டியாக அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது ரஷ்யா. பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் போட்டு ஒரு சூப். புளிப்புக்கு ரசத்துக்குப் பிழியும் கணக்கில் எலுமிச்சை பிழிந்தேன். மகள் ஒரு கரண்டியோடு கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அழுதாள். பார்க்க வந்திருந்த மேல் வீட்டு அக்கா, குள்ளஞ்சாவடிக்காரி, அதே கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ரஷ்யாக்காரன் இதக் குடிச்சிருந்தான்னா சண்டைக்கே போயிருக்க மாட்டான்டி. வயித்தப் புடிச்சிக்கினு வூட்லயே படுத்திருப்பான்."

மகளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"நீ ஒரு வாய் தின்னு பாத்திருந்தா, இத எனக்குக் குடுத்திருப்பியாம்மா?"

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். அடுப்படிக்குப் போய் நின்றேன். நாள் பன்னிரண்டுதான் பாக்கி இருந்தது.

மறுநாள் ஆப்பிரிக்காப் பக்கத்தைத் திருப்பினேன். வேர்க்கடலையை வறுத்து அரைத்து, தக்காளியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்த கூட்டு. கொதித்ததும் கரண்டியில் எடுத்து, தாயே, பாவம் எனக்கே வரட்டும் என்று சொல்லி வாயில் வைத்தேன். பாதி புடவையில் சிந்திவிட்டது. கசந்தது. கடலைத் தோலைச் சரியாகத் தேய்த்து எடுக்கவில்லை, அது கருகியிருந்தது. வாசனையில் அது தெரியவே இல்லை. அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி வறுத்தேன். நாலைந்து முறை ருசி பார்த்தேன். உப்பைப் பாதியாக்கினேன். அன்று விளக்கை ஏற்றினேன், முன்னால் எதையும் வைக்கவில்லை.

அரைக் கிண்ணம் தின்றாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. வாந்தி எடுப்பாளோ என்று நான் பிளாஸ்டிக் பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

பிறகு கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த அரபு நாட்டு விழுது, முத்தாண்டிக்குப்பத்தில் அண்ணன் வீட்டு முந்திரியை அரைத்து ஊற்றிய பாஸ்தா என்று அந்த நோட்டில் இருந்ததையெல்லாம் ருசி பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் முடிந்து எடை போட்டபோது ஒன்றரைக் கிலோதான் ஏறியிருந்தது. டாக்டரம்மா ரத்த டெஸ்ட் பேப்பரையும் பார்த்தார். பிறகு, அடுத்த சுற்றை ஆரம்பிக்கலாம் என்றார். 

அதற்கப்புறமும் எட்டு மாதம் போராடினோம். பிழைத்தாள்.

பூசைக்கு வரும் பெண்கள், எச்சில் படாமல் படைத்த புண்ணியம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று பேசிக்கொண்டார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மாமியார் நோயில் கிடந்த ஒரு பெண் வந்து அந்த விரதத்தை எப்படி இருப்பது என்று கேட்டாள். அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கிழவி வாயில் என்ன போனதோ, நான் விசாரிக்கவே இல்லை. என் மகள் பிழைத்ததை நினைத்துச் சந்தோஷப்படும்போதெல்லாம் அந்தக் கிழவி நினைவும் கூடவே வருகிறது.

இதைப் படித்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், நோயாளி இருக்கிற வீட்டுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். விளக்கு முன்னால் நான் எதையும் வைக்காத அந்த நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.