பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தவள்

அம்மா லாண்டரிக் கடை வைத்திருந்தாள். ஐம்பத்தேழு வயதில் புரோகிராமிங் கற்றுக்கொண்டாள். இறந்து பத்து நாள் ஆகிறது.

கற்றுக்கொள்ள அவள் எடுத்தது ஒரே வேலை: சொந்தமாக ஒரு கீ-வேல்யூ டேட்டாபேஸ். துணியில் குத்தும் சீட்டின் எண்ணைக் கொடுத்தால், அது யாருடையது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"இதெல்லாம் ரெடிமேடா சும்மாவே கிடைக்கும்மா," என்றேன். நான் அந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

"சட்டையும்தான் ரெடிமேடா கிடைக்குது. தைக்கறவன் இல்லாமலா போயிட்டான்? உள்ளே அது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்டி."

இரண்டு வாரத்தில் ஓட வைத்துவிட்டாள். மூன்றாம் வாரம், கடையில் இஸ்திரி போடும் மாமா, அவள் தம்பி, கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். காலையில் பதிந்த இருபத்து மூன்று துணிகளின் விவரம் போயிற்று. எழுதச் சொன்னவுடன் டிஸ்கில் ஏறிவிடும் என்று அம்மா நம்பியிருந்தாள்; அதுவோ மின்சாரம் போனால் அழியும் நினைவகத்திலேயே தங்கியிருந்தது. எல்லாரும் முதலில் செய்யும் தப்பு. ஒரு கறுப்புக் கோட்டு வேறு ஆளிடம் போக, அவர் அதைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கே போய் வந்துவிட்டார்.

"வேலை கிடைச்சிடுச்சாமே அக்கா. ராசியான கோட்டுதான்," என்றார் மாமா.

"வாயை மூடுடா."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிஸ்கில் எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போனால் மட்டும் அடுத்த துணிக்குப் போகும்படி மாற்றினாள். ஒரு துணிக்கு ஒன்றரை விநாடி.

"ரொம்ப மெதுவா இருக்கும்மா."

"நம்ம கடை வாசல்ல என்ன, விநாடிக்கு ஆயிரம் பேரா நிக்கறாங்க?"

பிறகு அவளே பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க ஆரம்பித்தாள். நாளுக்கு நாற்பது தடவை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய்ப் பிடுங்குவாள். அப்படித்தான் அடுத்த சிக்கல் அகப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் கடைசி வரி பாதியில் நிற்கும். அதன்பின் புரோகிராம் திறக்கவே மறுக்கும். நல்ல வரிகளும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். என்னிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். மூன்று ஞாயிறு போயின. நான் போகவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள், மாணவர் விடுதியிலிருந்து முப்பது வெள்ளைச் சட்டைகள் வந்தன. முப்பது பெயர்களையும் அடித்துப் பதிவுக்குக் கொடுத்தாள். அது ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைக்கும் சுவருக்கும் நடுவே சரிந்தாள். அவளைத் தூக்க மாமா மேசையை இழுத்தார். பிளக் கழன்றது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கடை பூட்டிக் கிடந்தது. உள்ளே நானூறு துணிகள். இன்று காலை மாமா வீட்டுக்கு வந்தார்.

"கடை வாசல்ல பதினோரு பேர் நிக்கறாங்கம்மா. இன்னும் எத்தனை நாள் சாக்கு சொல்றது? அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பாரு."

கடைக்குப் போனோம். பிளக்கைச் சொருக எனக்குக் கை வரவில்லை. திறக்காவிட்டால் காரணம் நான் போகாத அந்த ஞாயிறுகள்தான்.

சொருகினேன். திறந்தது. திரையில் அவள் எழுதி வைத்திருந்த வாசகம் வந்தது: "கடைசி வரி பாதி. தள்ளிட்டேன். மத்ததெல்லாம் சரி."

முப்பதில் பதினாறு சட்டைகள் ஏறியிருந்தன.

"மிச்சம் பதினாலையும் விடுதிக்கே அனுப்பிடலாம். அவனவன் போட்டுப் பார்த்து எடுத்துக்கட்டும்," என்றார் மாமா.

நான் அவள் எழுதிய நிரலைத் திறந்தேன். அம்மா மூட்டை கட்டினால் சீட்டின் அடியில் உருப்படிகளின் எண்ணிக்கையை எழுதுவாள். எண்ணிக்கை இடித்தால் அந்த மூட்டையைக் கையால் தொடமாட்டாள். அதையே ஒவ்வொரு வரிக்கும் செய்திருக்கிறாள்: வரியின் முடிவில் அதிலுள்ள எழுத்துகளின் எண்ணிக்கை. எங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறோம். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நிரலைக் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தைய புதன்கிழமை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும், "அந்தப் பாதி வரி இன்னும் படுத்துதுடி. வர்றியா?" என்றுதான் கேட்டாள்.

"சீட்டு நம்பர் ஆயிரத்து நூத்தி எண்பத்தேழு," என்று மாமா வாசலிலிருந்து கத்தினார். "அடிச்சிட்டியாம்மா?"

அடித்தேன். இரண்டாவது அலமாரி, நான்காம் தட்டு. எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன்.