துண்டுக்கடியில் பேசிய விலை

2003 பிப்ரவரி 12, புதன். வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, துணி துவைத்து உலர்த்திவிட்டு கொச்சியின் மட்டாஞ்சேரி பஜாருக்கு வருகிறேன். மிளகு வியாபாரி காதர், இடுக்கி விவசாயி ஒருவரின் கையைத் துண்டுக்கடியில் பற்றி, விரல்களை அழுத்தியே விலை பேசுகிறார். இருவரும் தலையசைத்துக் கையை எடுக்கிறார்கள்.

அப்போது காதரின் கணக்கர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்கிறார்: "இக்கா, வியட்நாம் சரக்கு வந்து விலை இறங்கியாச்சு. பேசின விலையை இன்னும் எழுதல்லையே, விட்டுடலாம்."

விவசாயியின் முகம் வாடுகிறது.

"விரல் பிடிச்சுச் சொன்ன விலையாக்கும்," என்கிறார் காதர். "விரலைக் கழற்றி வியட்நாமுக்கு அனுப்பவா?"

"உங்களுக்கு நஷ்டமில்லையா?" என்கிறேன்.

"உண்டு சாரே. அடுத்த வருசமும் இவர் எனக்குக் கை நீட்டணுமே."

மறுநாள் காலை முதல் வேலையாகக் காதரின் கிடங்குக்குப் போகிறேன். இடுக்கி மூட்டைகள் இறங்குகின்றன. காதர் ஒரு பிடி மிளகை முகர்ந்து, "கொள்ளாம், நல்ல சரக்கு," என்கிறார்.